முப்பத்தெட்டாம் சீட்டு

ஓடைக்கு இந்தப் பக்கம் சிள்வண்டுகள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

கத்தரியால் வெட்டிவிட்டது போல, சத்தம் தண்ணீரின் நடுவிலேயே நின்றுபோயிருந்தது. மூன்று மாதமாக இதே பாறையில் வந்து உட்கார்ந்தவர் இன்றுதான் அதைக் கவனித்தார். வலது காதில் முழுக் காடு. இடது காதில் பஞ்சு.

வன அலுவலகத்தில் அவருக்கு எறும்புக்கணக்கர் என்று பெயர். மரக்கட்டைகளோடு கப்பலேறி வந்த மஞ்சள் எறும்பு, அந்தச் சின்னஞ்சிறு காட்டில் நத்தை, தவளை, குருவிக்குஞ்சு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கடிக்கத் தெரியாத சாது அது. கண்ணில் அமிலத்தைப் பீய்ச்சும், அவ்வளவுதான். குருடானதை மற்றவை பார்த்துக்கொள்ளும். அதை ஒழிக்க மருந்துப்படை என்று ஒன்று இருந்தது. ஒழிந்ததா என்று பார்க்க இவர் இருந்தார். நாற்பது மரங்களில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் உள்ளங்கையகலச் சீட்டு ஒன்றை வைத்து, நடுவில் சர்க்கரைப்பாகு தடவி, கொஞ்ச நேரம் கழித்து வந்து, மொய்த்திருப்பதை எண்ணி எழுத வேண்டும். முப்பது மரம் ஓடைக்கு இப்பால். பத்து மரம் அப்பால், செங்குத்துச் சரிவில்.

அந்தச் சரிவைப் பற்றி அவர் சொல்லிக் கேட்க வேண்டும். ஆடு ஏறினால் அழுதுகொண்டே இறங்குமாம். அவருடைய முழங்காலோ, மடக்கினால் அடுத்த மலையில் எதிரொலிக்கும் சாதி. ஆகவே பாறையில் சாய்ந்து, கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுவிட்டு, பென்சில் முனையை நாக்கில் தொட்டு, முப்பத்தொன்று முதல் நாற்பது வரை பத்துப் பூஜ்யம். பள்ளிக்கூடத்தில் வாங்கிப் பழகியவர், போடவும் அழகாக வந்தது. முதல் மாதம் மனசு உறுத்தியது. இரண்டாம் மாதம் லேசாக. மூன்றாம் மாதம், ஒரு பூஜ்யம் கோணலாகிவிட்டதே என்றுதான் உறுத்தியது.

மூன்று மாதம் தொடர்ந்து பூஜ்யம் என்றால் அந்த இடம் சுத்தம். மருந்து வேண்டாம், ரிப்பனை அவிழ்த்துவிடலாம் என்பது அலுவலக விதி. சீட்டும் பாகும் கிடந்த தோள்பையோடு அவிழ்க்க இன்று காலை கிளம்பியவன் மருந்துப்படையில் இருந்த அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி.

"பூட்ஸு, கண்ணாடியெல்லாம் மாட்டிக்கிட்டுப் போ மச்சான்."

"எதுக்கு மாமா? பத்துக்குப் பத்தும் பூஜ்யம். உங்க கையெழுத்துதான? உங்களையே நம்பலேன்னா நான் வேற யார நம்ப?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டா."

"செருப்போட போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவேன். அதுக்குள்ள என் பங்கையும் காலி பண்ணிடாதீங்க!"

படையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உண்மையைச் சொல்ல ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அதில் இவர் கொட்டாவி விட்டார்.

இப்போது மணி நாலு. சற்று முன் மனைவி கூப்பிட்டிருந்தாள். "ஏங்க, தம்பி போனே எடுக்க மாட்டேங்கறான். உங்களுக்குப் பழகின இடந்தான, ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்."

"பழகின இடந்தான்," என்றார். முகம் சுட்டது. படையைத் துணைக்கு அழைத்திருக்கலாம். அழைத்தால், சுத்தமான இடத்துக்கு எதற்குத் துணை என்று கேட்பார்கள். தனியாகவே வந்துவிட்டார்.

ஓடையில் இறங்கினார். முழங்கால் முனகியது. அந்தக் கரையில் கால் வைத்ததும் ஈரமண் வாசனைக்கு மேல் வேறொரு வாசனை, ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போன்ற ஒரு புளிப்பு, மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது. சருகில் சரசரப்பு இல்லை. கிளையில் சிறகடிப்பு இல்லை. அவர் நடக்கும் ஒலி மட்டும் நறுக் நறுக்கென்று விழ, குனிந்து பார்த்தால் சருகைவிட அதிகமாகக் கிடந்தவை நத்தை ஓடுகள், அத்தனையும் காலி, அத்தனையும் துடைத்து வைத்தது போல் வெள்ளை.

முப்பத்தொன்று. ரிப்பன் இல்லை, அவிழ்த்துவிட்டான். முப்பத்திரண்டிலும் இல்லை. நல்ல பிள்ளை, சொன்ன வேலையைச் செய்கிறவன். முப்பத்தைந்தின் அடியில் ஒற்றைச் செருப்பு.

"மச்சான்!"

எதிரொலிகூட இல்லை.

முப்பத்தாறில் மரப்பட்டை மஞ்சளாக இருந்தது. வெயில் என்று நினைத்தார். வெயில் மேல்நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

கையை மரத்தில் ஊன்றாமல் நடந்தார். முப்பத்தேழு. ரிப்பன் பாதி அவிழ்ந்து தொங்கியது. முடிச்சில் அவன் விரல்பட்ட இடமெல்லாம் ஈரம்.

முப்பத்தெட்டு.

அங்கே ரிப்பன் கட்டியபடியே இருந்தது. அதனடியில் மச்சினன், முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். ஒரு கை கிளையைப் பிடித்தபடி மேலே. விரல்கள் அசைந்தன. வா, வா என்பது போல.

உயிர் திரும்பி வந்தது அவருக்கு. "எருமமாடே! கத்தறது காதுல விழல? அக்கா அங்க..." நெருங்கினார். "மச்சான், ஒண்ணு சொல்லணும். நான் இந்தப் பக்கம் வந்ததே இல்லடா. ஒரு தடவகூட."

மூன்று மாதத்தில் முதல்முறையாக வாயில் வந்த உண்மை. கேட்டவன் திரும்பவில்லை.

காக்கிச் சட்டை காக்கியாக இல்லை. தோளிலிருந்து இடுப்புவரை மினுமினுத்தது. மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. மூச்சுச் சத்தம் இல்லை. விரல்கள் அசையவில்லை. விரல்களின் மேல் இருந்ததுதான் அசைந்தது.

அவர் முன்பக்கம் சுற்றி வந்தார். முகத்தைப் பார்த்தார். கண்கள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, பார்வையைக் கீழே இறக்கினார்.

மடியில் ஒரு சீட்டு. குருடாகிக்கொண்டே, அவருக்குப் பதிலாக, அவன் வைத்த சீட்டு. நடுவில் துளிப் பாகு.

அதில் ஒரு எறும்புகூடப் பாகைத் தொடவில்லை. ஒன்றின் பின்னால் ஒன்றாக, விளிம்பு பிசகாமல், சுற்றிச் சுற்றி, உள்ளே வெறும் வெள்ளையை விட்டு ஓடிக்கொண்டிருந்தன. உருண்டையாக. அழகாக. அவர் கையால் போட்டது போலவே.

அவன் சட்டைக்குள் எங்கோ போன் அடிக்கத் தொடங்கியது. அக்கா.

அவருடைய கணுக்காலில் ஏதோ குறுகுறுத்தது. பிறகு முழங்காலில். அவர் நகரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. மடியில் அந்தப் பூஜ்யம் சுற்றிக்கொண்டே இருந்தது.