அடுத்தவங்க உள்ளே வாங்க

காத்திவாக்கத்துக் குப்பத்தில் மிஷன் மருத்துவக் குழுவுக்கு ஒதுக்கியிருந்த இடம் ஒரு பழைய உப்புக் கிடங்கு. உப்பை அள்ளிக் காலி செய்து பல வருஷம் ஆகியும் சுவர் அதை மறக்கவில்லை. மழைக்காலம் வந்தால் செங்கல்லில் நீர் கோத்துக்கொண்டு சொட்டும். ஜன்னல் கிடையாது. கடலைப் பார்த்து ஒரே ஒரு வாசல், அதற்கும் கதவு இல்லாமல் ஒரு கோணிப் படுதா.

ராயபுரத்திலிருந்து கால்வாய்ப் படகில் மருந்துப் பெட்டிகளோடு வந்து இறங்கிய நர்ஸ் குணசுந்தரி மூக்கைச் சுளித்துக்கொண்டாள். அவளுக்கு ஆறாம் மாதம். எந்த வாடையும் ஆகாத காலம். கல்யாணமாகி வெகு நாள் கழித்து, முன்னால் உண்டானதெல்லாம் தங்காமல் போய், ஊரில் இருக்கிற தேவாலயங்களிலெல்லாம் ஜெபம் பண்ணி உண்டான பிள்ளை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவன், "இந்தத் தடவை மட்டும் முகாமுக்குப் போகாதே" என்று கெஞ்சிப் பார்த்தான். பல் டாக்டர் ஜேக்கபுக்கோ அவள் இல்லாவிட்டால் கை ஓடாது. கர்த்தருடைய ஊழியத்துக்குப் போகிறவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். சொன்னாளே தவிர, படகு ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

காய்ச்சலும் சிரங்கும் பார்க்கும் டாக்டரம்மா மத்தியானமே முகத்துவாரத்துக்கு அக்கரையில் இருந்த குப்பத்துக்குப் போய்விட்டார். பல்வலிக்காரர்களுக்காக ஜேக்கபும் குணசுந்தரியும் கிடங்கில் தங்கினார்கள்.

அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லவேண்டும். குப்பத்துக்குச் சாய்மான நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? ஆளை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, குணசுந்தரி பின்னால் நின்றுகொண்டு, அவர் தலையைத் தன்மேல் சாய்த்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். ஜேக்கப் முன்னால் குனிந்து பல் பிடுங்கும் குறட்டைப் போட்டு இழுப்பார். பல் எனாமல் கிண்ணத்தில் விழும். குணசுந்தரி பஞ்சை வைத்து, "கடிச்சிக்கிட்டே இருங்க. ரத்தம் நிக்கலைன்னா திரும்பி வாங்க" என்பாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அடுத்தவங்க உள்ளே வாங்க." வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில்கூட அவள் வாய் அதைச் சொல்லும். கணவன் கேலி செய்வான்.

கஞ்சிப் பானையைக் கொண்டுவந்து வைத்த பவுனம்மாள், சாப்பிடும்போது பக்கத்தில் வந்து குந்தினாள். அந்தக் குப்பத்திலிருந்து ராயபுரம் மார்க்கெட்டுக்குக் கூடை சுமக்கிற மீன்காரி. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"நர்சம்மா, ஒன்னு சொல்றேன், தப்பா நெனச்சிக்காத. வெளக்கு வச்ச பெறவு வாசலப் பாத்து மொட்டையா வான்னு கூப்புடாத. பேரச் சொல்லிக் கூப்புடு. இல்லாங்காட்டி எந்திரிச்சிப் போயி மூஞ்சப் பாத்து இட்டுகினு வா."

"ஏம்மா?"

"கடலுக்குப் போயி பொணம் கெடைக்காதவன் கீறான் பாரு, அவனுக்கு வூடு மறந்து பூடும். எவ வான்னு சொல்றாளோ அவகிட்ட தான் வருவான். பூந்துகினான்னா அப்பால போவமாட்டான்."

குணசுந்தரி மரியாதைக்குத் தலையாட்டினாள். பவுனம்மாள் எழுந்திருக்கவில்லை.

"எம் புள்ள மாசானம் போன அம்மாசைக்குப் போனவன். கட்டுமரம் வந்துச்சி, அவன் வர்ல. பெத்தவ நானே இன்னும் கூப்புடல. ராவெல்லாம் முந்தானைய வாயில அடைச்சிகினு படுத்துக் கெடக்குறேன்."

இதைக் கேட்டபோது குணசுந்தரிக்குப் பரிதாபமாக இருந்தது. பயம் வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் மேகம் கட்டிக்கொண்டு தூறல் பிடித்தது. கிடங்குக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. "வெளிச்சம் போதலை சிஸ்டர், விளக்கை ஏத்துங்க" என்றார் ஜேக்கப். அவள் அரிக்கேன் விளக்கைக் கொளுத்தி உத்தரத்துக் கொக்கியில் மாட்டினாள். முக்காலியில் இருந்த கிழவருக்குக் கடைவாய்ப் பல் உடைந்து உடைந்து வந்தது. முடிவதற்குள் டாக்டருக்கு வியர்த்துவிட்டது. குணசுந்தரி பஞ்சை வைத்தாள், சொல்லவேண்டியதைச் சொன்னாள், கிழவர் வெளியே போனார்.

"அடுத்தவங்க உள்ளே வாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வெளியே காலையிலிருந்து ஓயாமல் கேட்ட சளசளப்பு இல்லை. பிள்ளைகளின் அழுகை இல்லை. விளக்கு ஏற்றியபோதே அது நின்றுபோயிருக்கவேண்டும்; வேலை மும்முரத்தில் அவள் கவனிக்கவில்லை. தூறல் கூரையில் விழும் சத்தமும் அதற்கப்பால் கடலும்தான் கேட்டன.

படுதா விலகியது.

குனிந்த தலையோடு ஒருவன் வந்தான். இடுப்பில் ஒரு துண்டு. உடம்பெல்லாம் ஈரம். மழையில் வருகிறவன் நனையாமலா வருவான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் நேராக வந்து முக்காலியில் உட்கார்ந்தான்.

"எந்தப் பல்லு?" என்றார் ஜேக்கப், குறட்டைக் கழுவிக்கொண்டே.

அவன் விரலால் கீழ்வரிசையின் நடுவில் தொட்டுக் காட்டினான்.

குணசுந்தரி பின்னால் நின்று அவன் தலையைப் பிடித்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். முக்காலி உயரம் குறைவு; தலை அவள் வயிற்றில் வந்து படிந்தது. புடவையைத் தாண்டி, பாவாடையைத் தாண்டி, குளிர் உள்ளே இறங்கியது. நாள் முழுக்க உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று ஒருபக்கமாக ஒதுங்கிற்று. பிறகு அசையவில்லை.

வாடை வந்தது. மீன்வாடை என்றால் அவளுக்குக் காலையிலிருந்து பழகிவிட்டது. இது கலங்கிய சேற்றின் வாடை, வெயில் படாத அடிச்சேறு.

தலையைப் பிடித்திருப்பவளுக்கு ஆளின் மூச்சு கையில் தெரியும். பயந்தவன் வேகமாக விடுவான், துணிந்தவன் அடக்கி விடுவான். அவள் அந்த மூச்சுக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

இன்னும் காத்திருந்தாள்.

வரவில்லை.

"டாக்டர்" என்று கூப்பிட நினைத்தாள். ஜேக்கப் அதற்குள் குனிந்து குறட்டைப் போட்டுவிட்டார். டக் என்று ஒரு சத்தம். பல்லை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"பாருங்க சிஸ்டர், வலை நூலைக் கடிச்சுக் கடிச்சு நடுவில எவ்வளவு ஆழமா பள்ளம் விழுந்திருக்கு."

அவள் பல்லைப் பார்த்தாள். பிறகு அவன் வாயைப் பார்த்தாள். பல் இருந்த குழியிலிருந்து ரத்தம் வரவில்லை. தெளிந்த தண்ணீர் வந்தது. மோவாயில் வழிந்து நெஞ்சில் இறங்கி, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. களைத்துப்போயிருந்த டாக்டர் எச்சில் என்று நினைத்திருக்கவேண்டும். "பஞ்சு வையுங்க" என்று சொல்லிப் பல்லைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கை கழுவத் திரும்பினார்.

அவள் கை பஞ்சை வைத்தது. அவள் வாய், அவளைக் கேட்காமலே, தன் வழக்கத்தைச் சொல்லியது.

"கடிச்சிக்கிட்டே இருங்க. நிக்கலைன்னா திரும்பி வாங்க."

அவன் முதல்முறையாகத் தலையைத் திருப்பினான். காது அவள் வயிற்றில் அழுந்தியது. அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே யாரோ பேசுவதைக் கேட்கிறவன் மாதிரி கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு மெல்லத் தலையாட்டினான். எழுந்து போனான். படுதா ஆடி நின்றது.

அதே படுதாவை விலக்கிக்கொண்டு பவுனம்மாள் காப்பிச் செம்போடு உள்ளே வந்தாள்.

"வெளிய போனாரே, அவரு யாரும்மா?" என்று கேட்டாள் குணசுந்தரி.

"யாரு போனா? வெளக்கப் பாத்ததுமே அல்லாரும் வூட்டுக்குப் பூட்டாங்க. வெளிய ஒர்த்தரும் இல்ல. நான் அந்தாண்ட இருந்து நேரா வரேன்."

ஜேக்கப் எனாமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று முழுக்கப் பிடுங்கிய பற்கள் ரத்தத்தில் கிடந்த கிண்ணம். இப்போது விளிம்பு வரை தெளிந்த தண்ணீர் நிறைந்திருந்தது. பற்கள் அடியில் கிடந்தன. பள்ளம் விழுந்த அந்தப் பல்லை மட்டும் காணவில்லை.

குணசுந்தரி திக்கித் திணறி நடந்ததைச் சொன்னாள். பவுனம்மாள் செம்பைக் கீழே வைத்தாள்.

"கீழ்ப் பல்லா?"

"ஆமாம்மா."

"பல்லு நோவுது, நோவுதுன்னுகினே இருந்தான். ஆஸ்பத்திரிக்காரங்க வருவாங்க நைனா, புடுங்கிக்கலாம்னு நான் தான் சொல்லி வச்சேன்." கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அவள் துடைக்கவில்லை. "இன்னா சொல்லி அனுப்ச்சே?"

குணசுந்தரி சொன்னாள்.

பவுனம்மாளின் பார்வை அவள் முகத்திலிருந்து மெல்ல இறங்கி வயிற்றில் நின்றது.

ஜேக்கப் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினார். எழுந்து பெட்டியைக் கட்டினார். அன்றைக்கே படகேறிவிட்டார்கள். திருவொற்றியூர் தாண்டும்வரை பிள்ளை அசையவே இல்லை; குணசுந்தரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ராயபுரத்துக்குக் கிட்டே வரும்போது லேசாக ஒரு துடிப்பு. போன உயிர் திரும்பியதைப் போல இருந்தது அவளுக்கு.

ஆனால் அன்றுமுதல் பகலில் அந்தப் பிள்ளை அசைவதில்லை. வீட்டில் விளக்கு வைத்த பிறகுதான் அசையும்.

டாக்டரம்மா வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, இருதயம் நன்றாக அடிக்கிறது, மனசை அலட்டிக்கொள்ளாதே என்றார். கணவனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆனால் கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள். அக்கம்பக்கத்தார் தட்டினால்கூட முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லித்தான் உள்ளே அழைப்பாள்.

ஆண் பிள்ளை பிறந்தது. அழுவதற்கு முன்னால் அதன் வாயிலிருந்து தண்ணீர் வந்தது. நிறைய வந்தது. துடைப்பதற்காக வாயைத் திறந்த மருத்துவச்சி, கையை எடுத்துக்கொண்டாள்.

"பல்லோட பொறந்திருக்கு."

எங்கேயாவது ஒரு பிள்ளை அப்படிப் பிறப்பதுண்டு என்று வார்டில் எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். அது குணசுந்தரிக்கும் தெரியும். அப்படிப்பட்ட பல் மெலிசாக, ஈறில் ஒட்டிக்கொண்டு ஆடும், அவளே பார்த்திருக்கிறாள். எல்லாரும் போனபிறகு விரலை வைத்துப் பார்த்தாள். கீழ்வரிசையில், நடுவில், கெட்டியாக ஊன்றி நின்றது. விளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள். பல்லின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது.

பிள்ளையைப் பார்க்க வந்த ஜேக்கப், "பால் கொடுக்கக் கஷ்டமா இருக்கும் சிஸ்டர், எடுத்துடட்டுமா?" என்றார்.

"வேண்டாம் டாக்டர்" என்று அவள் பிள்ளையின் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாள்.

விளக்கு வைத்துவிட்ட ஒரு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். காலிக் கூடையோடு நின்றது தெரிந்த முகம்.

"பவுனம்மா, உள்ளே வாங்க."

பவுனம்மாள் கூடையை வாசலில் வைத்துவிட்டுத் தூளியருகே வந்தாள். விரலால் பிள்ளையின் கீழுதட்டை விலக்கினாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் மாரில் சேலை ஏறி இறங்கியது. அவள் வாய் திறந்தது.

கூப்பிடப் போகிறாள்.

குணசுந்தரி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம்மா. நீங்க கூப்பிட்டா உள்ளே இருக்கிறது உங்ககூடப் போயிடும். போனா இந்தப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்."

உள்ளங்கைக்குக் கீழே அந்த உதடுகள் ஒரு பெயரைச் சொல்ல முயன்று முயன்று ஓய்ந்தன. பவுனம்மாள் அவள் கையை மெல்ல விலக்கினாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

"எம் புள்ளம்மா அது" என்றாள், பிறகு.

"என் பிள்ளையும்தாம்மா."

பவுனம்மாள் இடுப்பிலிருந்து ஒரு துண்டு வலை நூலை எடுத்துப் பிள்ளையின் மணிக்கட்டில் முடிபோட்டாள். "கட்டியே கெடக்கட்டும். தண்ணி பக்கம் போவாத இருக்கும்." கிறிஸ்தவ வீட்டில் கயிறு கட்டக் கூடாது என்று சொல்லக் குணசுந்தரிக்கு வாய் வரவில்லை. பவுனம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

கதவைத் தாழிட்டுவிட்டு, குணசுந்தரி திரும்பினாள்.

டக்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். வலை நூல் நடுவில் சீராகக் கடிபட்டுத் துணிமேல் கிடந்தது. எடுத்தாள், ஈரமாக இருந்தது. விரலை நாக்கில் வைத்தாள். உப்பு. பிள்ளை கண்ணை அகலத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடவேண்டும் போலிருந்தது. ஆனால் கையிரண்டும் தாமாக நீண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டன. கீழே விட மனம் வரவில்லை. எல்லாவற்றையும்விட அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிள்ளை மடியில் நழுவி, காதை அவள் வயிற்றில் அழுத்தி வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. புடவையின் முன்பக்கம் குளிர்ந்து நனைந்துகொண்டே வந்தது.