நீலாவதியின் குட்டைப் பிஸ்டன்

சனிக்கிழமை, காலை 6.40.

நீலாவதி அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பிஸ்டனைக் கையில் எடுத்தாள். எடுத்த நொடியே அது தன்னுடையதில்லை என்று தெரிந்துவிட்டது. கோயம்புத்தூரில் சொல்லி வைத்து, நாற்பது நாள் காத்திருந்து வாங்கிய புதுப் பிஸ்டனைக் காணோம். பெட்டிக்குள் இருந்தது அவள் பட்டறையிலேயே மூலையில் கிடந்த பழைய பிஸ்டன். பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் கனம் இருக்க வேண்டும் என்பதற்காக யாரோ வைத்திருக்கிறார்கள்.

பட்டறை ஜமுனாமரத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. மறுநாள் கண்ணமங்கலம் பக்கத்தில் டிராக் ரேஸ். நேர்கோட்டில் இருநூறு மீட்டர், முதலில் தொட்டவர் ஜெயித்தவர். அதற்கு முன்னால், இந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அங்கே கமிட்டி முன்னால் வண்டியைக் கிளப்பிக் காட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். போன வருடம் அவளை உள்ளேயே விடவில்லை. 'மலையில புளி உலுக்குறவங்களுக்கு ரேஸ் எதுக்கு?' என்று மைக்கிலேயே சிரித்தார்கள். இந்த வருடமும் வண்டி கிளம்பாமல் போனால், அந்தச் சிரிப்பு ஆயுளுக்கும் அவள் காதில் கேட்கும்.

அழுவதற்குப் பதிலாக ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

காலை 8.15.

எஸ்.ஐ. ஜெனிலா பட்டறைக்குள் வந்தாள். ஒரு தச்சரின் மகள். இன்ஜினைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது சாவி போடுகிற இடம் மட்டும். அதை மறைக்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை.

"எனக்குப் புரியறாப்ல சொல்லும்மா. இந்தப் பிஸ்டன்ல இன்னா விசேஷம்?"

நீலாவதி கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். "சிலிண்டருக்குள்ள பிஸ்டன் இப்டி ஏறி இறங்கும் மேடம். அந்த தூரம்தான் ஸ்ட்ரோக். தூரம் கூடினா இன்ஜின் காத்தும் பெட்ரோலும் கூட இழுக்கும், வேகம் கூடும். பிஸ்டனை ஏத்தி இறக்குற கிராங்க் பின்னை நான் ரெண்டு மில்லி தள்ளி வெச்சிருக்கேன். மேல ரெண்டு, கீழ ரெண்டு, ஆவ மொத்தம் நாலு மில்லி ஸ்ட்ரோக் ஏறுது."

"மேல ரெண்டு மில்லி கூட ஏறினா?"

"பிஸ்டன் தலை சிலிண்டர் மூடியில இடிக்கும். மொத உதையிலயே இன்ஜின் நாசம். அதனாலதான் குட்டைப் பிஸ்டன். ராடு மாட்டுற பின் ஓட்டைக்கு மேல தலை உயரம் கம்மியா இருக்கும்."

"எவ்ளோ கம்மி?"

நீலாவதி ஸ்பானரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"போலீஸ்கிட்டயுமா ரகசியம்?"

"பிஸ்டனையும் கிராங்க்கையும் சேக்குற கனெக்டிங் ராடையும் மாத்திட்டேன் மேடம். புதன்கிழமை கதவைச் சாத்திக்கிட்டு நானே கிராங்க்ல கோத்தேன். அந்த ராடு எவ்ளோ, பிஸ்டன் எவ்ளோன்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியாது. எந்த ராடு, எந்தப் பிஸ்டன்னு பொறுக்கி எடுக்கவே ஒரு வருஷம் ஆச்சு. அதுதான் என் ரேஸு."

ஜெனிலா சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனாள். யாருக்கு வாய்ப்பு இருந்தது?

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பார்சல் வந்தது. நீலாவதி பின்கட்டுக்குக் கொண்டுபோய் அளந்து பார்த்துவிட்டு, திரும்ப டேப் ஒட்டி அலமாரியில் வைத்தாள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு வாடிக்கையாளர் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தாள். அப்போது பட்டறையில் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். பார்சல் கடை பிலிப்ராஜ். நாளைய ரேஸில் எதிராக ஓட்டப்போகிற விஜயராஜ். கிராங்க் பின்னை மட்டும் கடைந்து கொடுத்த லேத் பட்டறை ஜீவானந்தம்.

காலை 9.10. பிலிப்ராஜின் கடை.

"நீங்க கிளம்பும்போது அங்க யாரு இருந்தாங்க?"

"மத்த ரெண்டு பேரும் இருந்தாங்க மேடம்."

"பிஸ்டனப் பாத்தீங்களா?"

"பார்சலைப் பிரிச்சுப் பாக்குறவன் நான் இல்லைங்க. எனக்கு எழுபது பார்சல் வருது."

"தேடணும்னா அடையாளம் வேணுமே. எப்படி இருக்கும்?"

"நாலு மில்லி குட்டைன்னு நெனைக்கிறேன். நாலு, நாலுன்னு அந்தப் பொண்ணு ஊரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சுதே."

காலை 9.45. லாட்ஜ் வாசல்.

விஜயராஜ் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணமங்கலத்திலிருந்து மலையேறி வந்து மூன்று நாளாகத் தங்கியிருக்கிறான், எதிரியின் வண்டி கிளம்புகிறதா என்று பார்க்கத்தான்.

"நான் எடுத்து இன்னா பண்ணப் போறேன் மேடம்? என் வண்டிக்கு அது சேராது."

"அவங்க ஓட்டாம இருந்தா உனக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான்," என்றான் கூச்சமே இல்லாமல். "ஆனா எடுக்கல. நான் கிளம்பும்போது மத்த ரெண்டு பேரும் அங்கதான் பேசிக்கினு இருந்தாங்க."

"பிஸ்டன் எப்படி இருக்கும்?"

"ரெண்டு மில்லி கம்மியா இருக்கும். நாலு ஸ்ட்ரோக் ஏத்தினா பிஸ்டன்ல ரெண்டு கொறைக்கணும். இது சின்னப் பசங்களுக்கே தெரியும்."

காலை 10.20. லேத் பட்டறை.

ஜீவானந்தம் மிஷினை நிறுத்தாமலே பேசினார். இந்த மலையிலேயே பெரிய கைகாரர் என்று அவருக்குப் பேர். அவரே பரப்பிய பேர்தான், ஆனாலும் பொய்யில்லை.

"கடைசியா கிளம்புனது நீங்களா?"

"இல்லைங்க மேடம். மத்தவங்க ரெண்டு பேரும் இருந்தாங்க."

மூன்று பேரும் இதையே சொன்னால், கடைசியாகக் கிளம்பியது ஆவியாகத்தான் இருக்கும். ஜெனிலா அதைக் குறித்துக்கொண்டாள்.

"நீலாவதிக்கும் உங்களுக்கும் ஏதாச்சும் தகராறா?"

"வண்டி டேங்க்ல என் பட்டறை பேரை ஒட்டச் சொன்னேன். மாட்டேன்னுடுச்சு. அதுக்கு இன்னா பண்றது? சின்னப் பொண்ணு."

"பிஸ்டனப் பாத்தீங்களா?"

"பெட்டியக் கையால தொடலீங்க. ஒட்டினது ஒட்டினாப்பலதான் இருந்துது."

"தேடறதுக்கு அடையாளம்?"

"மத்த பிஸ்டன் மாதிரிதான் மேடம் இருக்கும். பின் ஓட்டைக்கு மேல ஒரு நூல் கம்மி, அவ்ளோதான். அதுக்குப் போய் இவ்ளோ ஆர்ப்பாட்டம்!"

ஜெனிலா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஜீப்பில் ஏறியவள் நோட்டைத் திறந்து மூன்று பதில்களையும் திரும்பப் படித்தாள். பிறகு ஓட்டுநரிடம் மூன்று பேரையும் நீலாவதியின் பட்டறைக்கு அழைத்து வரச் சொன்னாள்.

காலை 11.30.

நான்கு பேரும் நின்றார்கள். ஜெனிலா மட்டும் ஒரு டயர் மேல் உட்கார்ந்தாள்.

"மூணு பேருகிட்டயும் ஒரே கேள்வி கேட்டேன். மூணு அளவு வந்துது. பிலிப்ராஜ் நாலு மில்லின்னாரு. ஊருல கேட்டதச் சொன்னாரு. விஜயராஜ் ரெண்டுன்னான். கணக்குப் போட்டுச் சொன்னான்."

"நான் அளவே சொல்லலீங்களே மேடம்," என்றார் ஜீவானந்தம்.

"சொன்னீங்க. ஒரு நூல்."

அவர் சிரித்தார். "அது கொஞ்சூண்டுன்னு சொல்றதுக்கு ஒரு பேச்சு."

"பேச்சுக்குச் சொல்றவங்க நூலளவும்பாங்க, நூலிழைம்பாங்க. ஒரு நூல், அரை நூல்னு எண்ணிச் சொல்றது தச்சரும் லேத்துக்காரரும்தான். எங்கப்பா வாயில நாளெல்லாம் அந்த நூல்தான். இஞ்சுல எட்டுல ஒரு பங்கு. மில்லியில சொன்னா மூணும் சொச்சமும்."

ஜெனிலா நோட்டை மடித்துவிட்டு ஜீவானந்தத்தைப் பார்த்தாள்.

"நீங்க பின்னை மட்டும் கடைஞ்சீங்க. ராடு மாத்துனது உங்களுக்குத் தெரியாது. அப்ப விஜயராஜ் மாதிரி ரெண்டுதான உங்களுக்கும் வந்திருக்கணும்? ரெண்டு மில்லிய ஒரு நூல்னு சொல்ற கை உங்களுது இல்ல. நாலு, ரெண்டு, மூணு. இதுல சரியான அளவு எதுவோ, அதச் சொன்னவருதான் பிஸ்டன அளந்து பாத்தவரு." ஜெனிலா நீலாவதி பக்கம் திரும்பினாள். "அது எதுன்னு நீதாம்மா சொல்லணும். இங்கயே, இவங்க முன்னாடியே."

விஜயராஜ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். நீலாவதி அதைப் பார்த்தாள். ஒரு வருட உழைப்பு ஒரே வார்த்தையில் எதிராளி கைக்குப் போகப் போகிறது. சொல்லாவிட்டால் திருடியது யார் என்று நிரூபிக்க முடியாது.

"நல்லாக் குறிச்சுக்க விஜயராஜ்," என்றாள். "ராடு ஒரு மில்லி நீளம். ஸ்ட்ரோக்குக்கு ரெண்டு, ராடுக்கு ஒண்ணு, ஆவ பிஸ்டன் மூணு மில்லி குட்டை. தெரிஞ்சுக்கினு வா. அப்பவும் நாளைக்கு என் பின்னாடிதான் வருவ."

ஜீவானந்தத்தின் முகம் தொங்கிப்போயிற்று.

நண்பகல் 12.05.

எல்லோரும் ஜீவானந்தத்தின் பட்டறைக்குப் போய்த் தேடியதில், லேத்துக்கு அடியில், இரும்புச் சீவல் நிரம்பிய தகர டப்பாவில், எண்ணெய்த் துணி சுற்றிய பிஸ்டன் கிடைத்தது. கீறல் ஒன்றுமில்லை. அந்த மனிதருக்குப் பொருளைக் கெடுக்க மனம் வரவில்லை, அளந்து பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"பின்னு நான் கடைஞ்சது," என்றார். "அது இல்லாம இந்த இன்ஜினே இல்ல. பேரு மட்டும் இவளுக்கா?"

"நல்லாதான் கடைஞ்சீங்கண்ணா. யாரு கேட்டாலும் சொல்லுவேன்," என்றாள் நீலாவதி. "ஆனா இன்னா போடணும், எது எதோட சேரும்னு ஒரு வருஷம் மண்டைய ஒடைச்சுக்கினது நானு. இது என் இன்ஜின்."

ஜீவானந்தத்துக்குக் கடைசியாக ஒரு யோசனை வந்தது. குரலைத் தாழ்த்தி ஜெனிலாவிடம் சொன்னார். "கேஸ் போட்டா பிஸ்டன் கோர்ட்டுக்குப் போவணும். பொண்ணு எதை வெச்சு ஓட்டும்? பேசாம சமாதானமாப் போயிடலாம் மேடம்."

பிலிப்ராஜும் அதுதான் நல்லது என்று தலையாட்டினார்.

"கேஸ் போடுங்க மேடம்," என்றாள் நீலாவதி. "ஓட்டவும் செய்வேன்."

ஜெனிலா பேனாவைத் திறந்தாள். பிஸ்டனை நான்கு பக்கமும் போட்டோ எடுத்தாள். மில்லிக் கணக்கில் அளக்கும் வெர்னியரை வாங்கி அளவைக் குறித்து, பிலிப்ராஜையும் விஜயராஜையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் செய்தாள். பிறகு, கேட்கும்போது கோர்ட்டில் ஆஜர்படுத்துவேன் என்ற உறுதிப் பத்திரத்தை எழுதி நீலாவதி முன் நீட்டினாள்.

"சொந்தக்காரங்க பொறுப்புல குடுக்க சட்டத்துல வழி இருக்குது ஜீவானந்தம். எழுத்து வேலைதான் கொஞ்சம் கூட. நீலாவதி, கோர்ட் கூப்பிட்டா பிஸ்டனக் கொண்டாரணும்."

"வண்டியோடயே வர்றேன் மேடம். லேட் ஆவாது."

மாலை 5.48. கண்ணமங்கலம்.

கமிட்டி மேசைக்கு முன்னால் கூட்டம் கூடியிருந்தது. செய்தி அவளுக்கு முன்பே மலையிறங்கி வந்துவிட்டது. நீலாவதி இரண்டு முறை உதைத்தாள். இன்ஜின் இருமிவிட்டு நின்றது. யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. மேசை மேலிருந்த காகிதங்கள் நடுங்கின. சிரித்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

கமிட்டிக்காரர் ஒரு தாளை நீட்டிக் கத்தினார். "இன்ஜின் கட்டினது யாருன்னு போடணும்! லேத்துக்காரர் பேரைப் போட்டுறட்டுமா?"

அவள் அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கித் தன் பெயரைத் தானே எழுதினாள்.