பன்றிக்குட்டிக்குக் கொடுத்த வாக்கு

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் திடீர் மழை... குடையை விரிக்கத் திரும்பிய லின்சி, பின்னால் நின்றவனின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டாள்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க..."

"பரவாயில்லைங்க. கண்ணாடி இல்லாட்டி எல்லாருமே அழகாத்தான் தெரியறாங்க."

"அப்ப மாட்டிக்கிட்டே பேசுங்க," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இடம். அவன் பெயர் சுரேஷ்குமார், கால்நடை டாக்டர். மறுநாள் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பன்றிகளைக் கவனிக்கும் வேலையில் சேரப் போகிறானாம்.

"அதுங்க என் ஆராய்ச்சிப் பன்றிங்க," என்றாள் லின்சி.

அவன் முகம் சுருங்கியது. "கடைசியில கொன்னுடுவீங்கல்ல?"

"இல்லைங்க, கொல்லாம பார்க்கத்தானே ஸ்கேன். மயக்கம் கொடுத்து, லேசான கதிர்வீச்சு மருந்து ஒண்ணை ஊசியில ஏத்துவோம். அது மூளையில போய் ஒட்டிக்கும். மூளையில செரட்டோனின்ங்கிற ரசாயனம் சுரந்தா அதைத் தள்ளிவிட்டுடும். படம் எவ்வளவு மங்குதோ, அவ்வளவு சுரந்திருக்குன்னு அர்த்தம். மறுநாளே குட்டி எழுந்து கஞ்சி குடிக்கும்."

"நிச்சயமா?"

"என் வாக்கு."

பாலத்துக்குக் கீழே காவிரி நுரைத்து ஓடியது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்...

மாதங்கள் ஓடின. ஸ்கேன் அறையில் அவன் குட்டியின் மூச்சைக் கவனிப்பான். அவள் திரையைக் கவனிப்பாள்... கவனிப்பதாகக் காட்டிக்கொள்வாள்.

ஒருநாள் ஆராய்ச்சிக்கூடத் தலைவர் அற்புதசாமி லின்சியைக் கூப்பிட்டார். "மருந்து சரியான இடத்துலதான் ஒட்டுதான்னு மூளையை எடுத்துக் காட்டினாத்தான் வெளியில நம்புவாங்கம்மா. ஒரு குட்டி போதும். இல்லைன்னா ஆராய்ச்சியை நிறுத்த வேண்டியதுதான்."

லின்சி தலையாட்டினாள். சுரேஷ் லீவில் போன நாளில் அதை முடித்தாள்.

திரும்பி வந்தவன் காலிக் கூண்டின் முன் நின்றான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஆராய்ச்சி என்னோடது. உங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்?"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் கர்வம் விடவில்லை. அந்த வாரமே அவன் வேலையை விட்டான்.

ஸ்கேன் படமும் எடுத்த மூளையும் அச்சாய்ப் பொருந்தின. எல்லோரும் கைகொடுத்தார்கள். அவளுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை... கடைசியில் உறையூரில் அவன் வைத்திருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கே போய் நின்றாள். அவன் ஓர் ஆட்டின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். அந்தப் பயத்துலதான் சொல்லல... உங்களை அவ்வளவு பிடிக்கும்ங்க."

அவன் கை நின்றது.

"எனக்கும் பிடிக்கும். இப்பவும்..." கட்டின் முடிச்சை இறுக்கினான். "கேட்டிருந்தா தடுத்திருக்க மாட்டேங்க. பக்கத்துலயே இருந்து, வலிக்காம நானே ஊசி போட்டிருப்பேன். அந்த அளவுக்குக்கூட என்னை நம்பலையே நீங்க."

அவளை உட்காரச் சொல்லவில்லை. ஆட்டை இறக்கிவிட்டு, வாசலில் காத்திருந்தவரைக் கூப்பிட்டான்.