சுவர்ப் பக்கம் சாய்ந்த மொட்டுகள்

விளக்கு எரிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஆனால் கண்ணாடித் தொட்டிக்குள், வெளிச்சம் பட்டால் மட்டுமே விரியும் கடற்பவள மொட்டுகள் எல்லாம் விரிந்திருந்தன.

ஆனி கைப்பையைக்கூட இறக்காமல், திறந்த கதவு வழியே விழுந்த மங்கல் வெளிச்சத்தில் நின்று பார்த்தாள். மெயின் பஜாரில் மொபைல் சர்வீஸ் கடை வேலை முடிந்து அவள் குவார்ட்டர்ஸுக்கு வர ஆறு மணியாகிவிடும். ஆறரைக்குத்தான் டைமர் விளக்கைப் போடும். அதுவரை ஜன்னல் சாத்திய அந்தப் பின்னறை இருட்டாகவே கிடக்கும். கடையில் விற்கும் விளக்கு கட்டுப்படியாகாது என்று அவளே செய்த விளக்கு அது. ஜன்னல் வேலையில் மிஞ்சிய அலுமினியச் சட்டத்தில் நீலமும் வெள்ளையுமாக எல்.இ.டி. சிப்களைப் பற்றவைத்து, சூடு தணிய ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேனை முடுக்கி, கொடிக்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஈயப்பற்று வாசனையும் உப்புத் தண்ணீர் வாசனையும் அறையில் இன்னும் கலந்தே இருந்தன.

சட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்து கிடந்தது.

பவளம் வெளிச்சம் வரும் பக்கம்தான் சாயும். விளக்கோ நேர் மேலே. இரண்டடித் தொட்டியில் பாறையை மூடிப் படர்ந்திருந்த சட்டைப் பொத்தான் அளவு மொட்டுகள் அத்தனையும் பின்சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. சுவருக்கு அந்தப்புறம் அடுத்த குவார்ட்டர்ஸ். இருந்தவர்கள் ரிட்டயர்டாகிப் போய் மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது.

மறுநாள் காலை கணவனிடம் கேட்டாள். சேவியர்ராஜுக்கு அந்த வாரம் மைன்ஸில் செகண்ட் ஷிப்ட். மதியம் கிளம்பும்வரை வீட்டில் இருப்பவன் அவன் ஒருவன்தான்.

"தொட்டிக்கு டார்ச் கீர்ச் அடிச்சீங்களா?"

"எனக்கு வேற வேல இல்லியா? நான் அந்த ரூம் பக்கமே போறதில்ல."

"ஏன் போறதில்ல? பகல்ல அங்கதான படுப்பீங்க?"

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சும்மாதான்."

அந்த 'சும்மாதான்' கடையில் நாள் முழுக்க அவளை அரித்தது. பொய் சொல்கிறான். யாரையாவது அழைத்து வருகிறானா? அன்று கிளம்பும்போதே பாறையைத் திருப்பி வைத்திருந்தாள், டைமரைப் பிடுங்கியிருந்தாள், அறைக் கதவிடுக்கில் தலைமுடி ஒன்றை ஒட்டியிருந்தாள். மாலையில் முடி அறுபடாமல் இருந்தது. மொட்டுகள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தன.

போனில் கூப்பிட்டாள். கன்வேயர் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் தயங்கியது.

"படுத்துகினு கண்ண மூடுனா, யாரோ வெளிச்சத்துக்குக் குறுக்க போறாப்ல தெரியுது ஆனி. கண்ணத் தொறந்தா ரூம்ல லைட்டே இல்ல. சொன்னா நீ சிரிப்பன்னு சொல்லல. நீ உள்ள போகாத. நான் வந்து பாத்துக்கறேன்."

எதையோ மறைக்கிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது. சுவரில் ஓட்டை போட்டிருப்பானோ? பூட்டிய வீட்டுக்குச் சாவி வைத்திருக்கிறானோ?

உள்ளே போனாள். கதவைச் சாத்தி, அடியிடுக்கில் துணியைச் செருகினாள். போன் டார்ச்சில் சிவப்புக் காகிதத்தைச் சுற்றி, வெளிச்சம் பாறையில் மட்டும் விழும்படி தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். சிவப்பு வெளிச்சத்தைப் பவளம் பொருட்படுத்தாது. பம்ப் சீராக முனகியது. எங்கோ தூரத்தில் ஷிப்ட் பஸ் ஒன்று திரும்பியது. சுவருக்கும் தொட்டிக்கும் இடையே, சுவருக்கு முதுகு காட்டி, தலை பாறைக்கு நேராக வரும்படி மண்டியிட்டாள். ஓட்டை இருந்தால் தன் உடம்பு அதை மறைக்கும். மறைத்தால் மொட்டுகள் மூடும்.

காத்திருந்தாள்.

மூடின. ஒவ்வொன்றாக, நடுவிலிருந்து. வட்டமாக ஒரு தலை. கீழே மெலிந்து ஒரு கழுத்து. பிறகு தோள்கள். சுற்றிலும் மற்றவை விரிந்தே இருந்தன. அவள் மெல்ல வலக்கையைத் தூக்கினாள். சிறிது நேரத்தில், விரிந்த மொட்டுகளுக்கு நடுவே அந்தக் கையும் மூடிய கோடாக எழுந்தது.

அவளுடைய நிழல்.

சட்டென்று திரும்பினாள். சுவரில் ஓட்டை இல்லை. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கும்மிருட்டு. சுண்ணாம்பு வாசனை மட்டும்.

கையை இறக்கிக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள். கைக்கோடு மறைந்திருந்தது. அந்த மொட்டுகள் மறுபடி விரிந்திருந்தன.

அவள் தலையின் நிழலுக்குப் பக்கத்தில் வேறு மொட்டுகள் மூடத் தொடங்கின.

இன்னொரு தலை. அவளுடையதைவிட உயரத்தில். குனிந்து.

பம்ப் சத்தம் கேட்டது. மூச்சுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவளுடையதுகூட.

ஒரு தோள். ஒரு கை. அது அவள் கை இல்லை. அவள் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. இந்த முறை அவளால் திரும்ப முடியவில்லை. கண்களை மூடவும் முடியவில்லை. பாறையின் மேல், விரல் அகலத்தில் ஐந்து கோடுகள், ஒவ்வொரு மொட்டாக மூடிக்கொண்டே, அவள் கழுத்தின் நிழலை நோக்கி நீண்டு வந்தன.