மூன்றாவது அடுப்பு

அந்த வீட்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். அதை வீடு என்று சொன்னால் சுவருக்கே சிரிப்பு வரும். ஒரு நீள அறை, அதன் ஓரத்தில் சமையல் மேடை, வெளியே படிக்கட்டை ஒட்டி ஒரு குறுகிய நடை. அவ்வளவுதான். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் படுத்தால், ஒன்பதாவதாக ஒரு பூனை வந்து படுக்க இடம் இருக்காது. நல்லவேளையாக எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் படுப்பதில்லை. அத்தைக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. மற்றவர்கள் எழுந்து பாயைச் சுருட்டும்போது அவள் வந்து நடையில் பாயை விரிப்பாள்.

அந்த வீட்டுப் பெண்தான் கமுக்கம். அது அவள் பெயர் இல்லை, சித்தி வைத்த பட்டம். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறாளே என்று சித்தி ஒருநாள் எரிச்சலில் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. சித்தியின் மகன் இதற்கு நேர் எதிர். தூக்கத்தில்கூடப் பேசுவான். அவனுக்கு ரேடியோ என்று பட்டம். அவள் பேச வேண்டியதையும் சேர்த்து அவனே பேசிவிடுவதால் வீட்டுக்கு மொத்தத்தில் நஷ்டம் இல்லை.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். சித்தப்பா பேருந்து ஓட்டுபவர். அவர்கள் இருவருக்கும் அக்காதான் அத்தை. கமுக்கத்துக்கு இன்னும் பல் முளைக்காத ஒரு தம்பியும் உண்டு. வீட்டில் சண்டை போடாத ஒரே ஆள் அவன்தான்.

சண்டை எப்படி வந்தது என்று கேட்டால், ரயில் பாலத்தால் வந்தது.

நகரத்தில் ஆள் பெருத்துவிட்டது. ரயில் போதவில்லை. அதனால் இந்தத் தெருவின் தலைக்கு மேலே புதிதாக ஒரு பாலம் போடப்போகிறார்கள், தெருவையே காலி செய்யப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. காலி செய்கிறவர்களுக்கு நகரத்தின் கடைசியில் பத்து மாடி கட்டி வைத்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு ஓர் அறை. அதற்கு முன்னால் வீடு வீடாக வந்து ஆள் எண்ணுவார்கள்.

தெருமுனையில் முடிவெட்டுபவருக்கு எல்லாச் சேதியும் தெரியும். அப்பாவின் தலையைக் குனிய வைத்துக்கொண்டு அவர் விளக்கினார்.

"ஒரே கூரைங்கிறதெல்லாம் கணக்கில்லப்பா. அடுப்புதான் கணக்கு. ஒரு அடுப்புல சாப்பிட்டா ஒரு குடும்பம். ஒரு அடுப்பு, ஒரு ரூம். உங்க வீட்டுக்கு ஒண்ணுதான்."

பாதி வெட்டிய தலையோடு அப்பா யோசித்தார். அன்று சாயங்காலமே சித்தப்பா புதிதாக ஓர் அடுப்பு வாங்கி வந்தார்.

அடுப்பு மட்டும் போதாது, பிரிந்துவிட்டார்கள் என்று தெருவும் நம்ப வேண்டும். எண்ண வருகிறவர்கள் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்களாம். அதனால் அண்ணனும் தம்பியும் படிக்கட்டில் நின்று பொய்ச்சண்டை போட்டார்கள். முதல் தடவை சண்டை பாதியிலேயே நின்றுபோனது. தனக்கு என்றைக்காவது ஒரு சட்டை வாங்கிக் கொடுத்ததுண்டா என்று சித்தப்பா முறைக்க, அவர் போட்டிருந்ததே அப்பாவின் சட்டை என்பதால் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாம் தடவை அம்மாவையும் சித்தியையும் சேர்த்துக்கொண்டார்கள். அதுதான் தப்பாகப் போனது. எட்டுப் பேர் துணியையும் தான் ஒருத்திதான் துவைக்கிறேன் என்று சித்தி கத்தினாள். சித்தி துவைத்த துணியைத் தான் மறுபடி துவைத்துக் காயப்போடுவது தெருவுக்கே தெரியும் என்று அம்மா பதில் கொடுத்தாள். பொய்ச்சண்டைக்கு வசனம் தேடப் போனவர்கள் வெளியே எங்கும் தேடவில்லை. அவரவர் மனசுக்குள்ளிருந்தே எடுத்தார்கள். உள்ளே நிறைய இருந்தது.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் அறையின் நடுவே இரண்டு பீரோக்களைத் தள்ளி வைத்தார்கள். இந்தப் பக்கம் நாலு பேர், ஓர் அடுப்பு. அந்தப் பக்கம் மூன்று பேர், ஓர் அடுப்பு. பீரோக்களுக்கு இடையில் ஒரு கை நுழையும் சந்து. அதன் வழியாகக் கமுக்கமும் ரேடியோவும் பென்சில் மாற்றிக்கொண்டார்கள்.

அத்தை வழக்கம்போல் காலையில் வேலை முடிந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணி அந்தப் பக்கம் சாப்பிட்டிருப்பார்கள் என்று அம்மா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அந்தப் பக்கமும் கவிழ்ந்துதான் இருந்தது. அத்தை பரணில் ஏறி, பழைய மண்ணெண்ணெய் அடுப்பை இறக்கினாள். அப்பாவும் சித்தப்பாவும் அரைக்கால் சட்டை போட்ட வயதில் அவர்களுக்குச் சோறு வடித்துப் போட்ட அடுப்பு அது. ஒரு கால் உடைந்திருந்தது. உடைந்த காலுக்குக் கீழே ஒரு செங்கல் துண்டை வைத்து, நடையின் ஜன்னலோரம் நிறுத்தினாள்.

அதற்கப்புறம் அங்கேதான் அவள் தனக்கு ஒரு பிடி அரிசி போட்டுக் கொதிக்க வைப்பாள். தேநீர் போடுவாள். கமுக்கம் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தால், மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பாள். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

ஆள் எண்ணும் அக்கா ஒரு விடுமுறை நாளில் வந்தாள். தலையில் தொப்பி, கையில் பலகைபோல ஒரு கருவி, காலில் கொப்புளம். நொண்டிக்கொண்டே ஏறி வந்தாள். நடையின் ஓரமாகத் தொங்கிய திரையைத் தாண்டி உள்ளே வந்து, இரண்டு பீரோக்களையும் பார்த்தாள். இந்த ஊரில் அவள் பார்க்காத பீரோவா? ஒன்றும் கேட்கவில்லை.

"இந்தப் பக்கம் எத்தனை பேர்?"

"நாலு," என்றார் அப்பா.

பீரோவைச் சுற்றிக்கொண்டு போனாள். "இங்க?"

"மூணு," என்றார் சித்தப்பா.

கருவியில் விரலால் தட்டினாள், கதவில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டாள், நொண்டிக்கொண்டே போய்விட்டாள்.

நாலும் மூன்றும் ஏழு. கமுக்கம் இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தாள். அப்போதும் ஏழுதான் வந்தது. சந்து வழியாக ரேடியோவின் கண் தெரிந்தது. அவனும் கூட்டியிருக்கிறான் என்று அந்தக் கண்ணே சொன்னது. ஆச்சரியமாக, அவன் பேசவில்லை.

திரைக்குப் பின்னால் அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எண்ண வந்தவளின் செருப்பு அவள் பாயின் ஓரத்தை மிதித்துக்கொண்டுதான் போனது.

கமுக்கம் அம்மாவிடம் போனாள். "அத்தைய?"

அந்தப் பக்கத்தில் சொல்லியிருப்பார்கள் என்றாள் அம்மா. அந்தப் பக்கத்தில் கேட்டால், மூத்தவர் வீட்டில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்றாள் சித்தி. பிறகு கமுக்கம் அப்பாவின் முன்னால் போய் நின்றாள். அப்பா குட்டித் தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட பொத்தானையே கழற்றி மறுபடியும் போட்டார்.

"ஒரே ரூம்தாம்மா குடுப்பாங்க. அஞ்சு பேர்னு சொன்னா அஞ்சு பேரும் அதுக்குள்ளதான் கிடக்கணும்."

"அப்ப அத்தை எங்க போவாங்க?"

"ஆஸ்பத்திரியிலயே தங்கிக்கலாம். ராத்திரி வேலைதானே."

பகலில் எங்கே தூங்குவாள் என்று கமுக்கம் கேட்கவில்லை. அப்பா அவள் முகத்தைப் பார்க்காததால், அவருக்கும் அந்தக் கேள்வி தெரியும் என்று புரிந்தது.

அவள் படியில் இறங்கி ஓடினாள். பின்னாலேயே ரேடியோவும் ஓடி வந்தான்.

எண்ணும் அக்கா கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கமுக்கம் அவள் முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

அதற்குள் ரேடியோ ஆரம்பித்துவிட்டான். "அக்கா, அது என்னன்னா, எங்க பெரியப்பா முடி வெட்டப் போனாரு, அங்க அடுப்புதான் கணக்குன்னு சொன்னாங்களா, உடனே எங்கப்பா போயி..."

இவன் இப்படியே போனால் அடுப்பு வாங்கிய கதை, பொய்ச்சண்டை, சட்டை வரைக்கும் சொல்லி முடிப்பான். எல்லாரும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். கமுக்கம் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். ரேடியோவின் வாயை மூடினால் அந்த இடத்தில் யாராவது பேசித்தானே ஆக வேண்டும்? அவள் வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, எங்க வீட்ல மூணு அடுப்பு."

"ரெண்டுதானேம்மா பார்த்தேன்."

"மூணாவது நடையில இருக்கு. திரைக்குப் பின்னாடி."

எண்ணும் அக்கா தன் கொப்புளத்தைப் பார்த்தாள், படிக்கட்டைப் பார்த்தாள். இந்த மாதிரி ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கிற அடுப்பு எத்தனையோ பார்த்தாகிவிட்டது, பொய்யாக இருந்தால் முதலில் எண்ணிய இரண்டையும் சேர்த்து அழித்துவிடுவேன் என்றாள். கமுக்கம் தலையை ஆட்டினாள். ரேடியோவின் வாயை மட்டும் அவள் விடவில்லை. அப்படியே மூன்று பேரும் மேலே ஏறினார்கள்.

எண்ணும் அக்கா திரையை விலக்கி, குனிந்து, அடுப்பின் மேல் கை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். இன்னும் சூடாக இருந்தது. பக்கத்தில் சின்னப் பாத்திரத்தில் வடித்த சோறு, ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். திரிகள் கருகி, செங்கல் துண்டும் புகை பிடித்துக் கறுத்திருந்தது. நேற்று வாங்கி வைத்த அடுப்பு இல்லை என்று அது யாரும் சொல்லாமலே சொன்னது.

அத்தை எழுந்து உட்கார்ந்து முடியை முடிந்துகொண்டாள்.

"தனியாத்தான் சமைக்கிறீங்களா?"

"ஆமா."

"குடும்பத்துல எத்தனை பேர்?"

அத்தை கொஞ்ச நேரம் அறைப் பக்கம் பார்த்தாள். அந்தப் பீரோக்களில் ஒன்று அவள் முதல் சம்பளத்தில் வாங்கியது.

"ஒருத்தி," என்றாள்.

"குடும்பத் தலைவி நீங்கதானே?"

"ஒருத்திக்கு எதுக்கும்மா தலைவி?"

"தலை இல்லாம இது குடும்பத்த ஏத்துக்காதுங்க," என்று கருவியைக் காட்டினாள் எண்ணும் அக்கா.

"சரி, போட்டுக்கோ. நானே தலை, நானே வால்."

கதவில் மூன்றாவதாக ஒரு சாக்பீஸ் கோடு விழுந்தது. பீரோவின் இந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் தலையும், அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பாவின் தலையும் எட்டிப் பார்த்தன. ரொம்ப நாளைக்கு அப்புறம் இருவரும் சேர்ந்து செய்த காரியம் அது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய், அதனால்தான் எழுப்பவில்லை என்று சித்தப்பா இழுத்தார்.

"நான் தூங்கலடா," என்றாள் அத்தை.

தம்பி மட்டும் ஏதோ மழலையில் சொன்னான். அதில் அர்த்தம் இல்லாததால் யாருக்கும் வலிக்கவில்லை.

மழைக்காலம் போய் வெயில்காலத்தில் சாவிகள் வந்தன. அப்பாவுக்கு இரண்டாம் மாடி. சித்தப்பாவுக்கு அடுத்த கட்டடம். அத்தைக்கு ஒன்பதாம் மாடி. அங்கே தண்ணீர் ஏறுவதற்குள் அதற்கே மூச்சு வாங்கும்.

சாவி வந்ததும் சொந்தமும் வந்தது. அண்ணி சாப்பிட்டீர்களா என்று அம்மா விசாரித்தாள். சித்தி ஒரு டப்பாவில் என்னவோ வைத்து அனுப்பினாள். ஒரு நாள் அப்பாவே ஏறிப் போனார். அவர் பழுது பார்க்கிற லிஃப்ட் எல்லாம் வேறு ஊர்ப் பணக்காரர்களுடையவை. இங்கே லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்து, ஒருத்திக்கு எதற்கு ஒரு முழு அறை, நீதான் ராத்திரியெல்லாம் இருப்பதே இல்லையே, நாங்கள் கொஞ்சம் சாமான் வைத்துக்கொள்கிறோமே என்றார்.

அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எங்க குடும்பத் தலைவியக் கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

அப்பாவும் சித்தப்பாவும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. பாலம்கூட வந்துவிட்டது. பழைய வீடு இருந்த இடத்துக்கு மேலே ரயில் போகிறது. இறங்கிப் பார்த்தால் ஒரு தூண் நிற்கிறது.

பள்ளி விட்டதும் கமுக்கமும் ரேடியோவும் ஒன்பது மாடியும் ஏறுவார்கள். அத்தை வேலைக்குப் போகும் முன் சமைத்துக்கொண்டிருப்பாள். அதே அடுப்பு, அதே செங்கல். பாத்திரம் மட்டும் பெரிதாகிவிட்டது.

"அத்தை," என்றான் ரேடியோ, வாய் நிறையச் சோற்றோடு. "அடுப்புதானே கணக்கு? நாங்க இங்கதானே சாப்பிடறோம்? அப்ப நாங்க எந்தக் குடும்பம்?"

அத்தை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கமுக்கத்தைப் பார்த்தாள்.

கமுக்கம் தட்டை நீட்டினாள்.