ஐஸ் மேல் ஒரு மேற்பார்வையாளர்

"சார்... எழுந்திருங்க சார். வந்துட்டோம்!"

வேனின் பின்கதவைத் திறந்துவிட்டு டிரைவர் அய்யனார் குரல் கொடுத்தான்.



உள்ளே இருபது ஐஸ் பார்கள். அவற்றின் மேல் உமி. உமியின் மேல் சாக்கு, சாக்கின் மேல் பாய். பாயின் மேல் ஒரு மனிதர்... கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு, மூக்கில் பஞ்சு!

"சார்! ஊரு வந்தாச்சு. இனிமே மூச்சு வுடலாம்!"

அவர் அசையவில்லை.

வரவேற்க ஆரத்தித் தட்டோடு நின்ற சுபஸ்ரீ எட்டிப் பார்த்தாள். காலைத் தொட்டாள்.

ஜில்ல்ல்...

"வீல்ல்ல்!"

தட்டு சிதறியது. கல்லூரி வாசல் முழுக்கச் சிவப்பு. ரத்தம் இல்லை, ஆரத்தித் தண்ணீர்தான். ஆனாலும் நாலு மாணவிகள் மயங்கி விழுந்தார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார் தெய்வசிகாமணி. கல்லூரியின் தாளாளர். சுபஸ்ரீயின் அப்பா. வேனுக்குள் பார்த்ததும் அவருடைய முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் ஆனது.

"அடப் பாவி... செத்துட்டானா?"

கேட்டது மெல்லிய குரலில்தான். ஆனால் 'யார்' என்று கேட்கவில்லை... 'எப்படி' என்றும் கேட்கவில்லை!

*

செப்டம்பர் 1987. இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்த வாரம்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வரை ரோட்டில் மரங்கள் விழுந்து கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. இரண்டே வண்டிகளுக்குத்தான் வழி... பால் வண்டி, பிண வண்டி.

இந்த வாரம் பார்த்து தெய்வசிகாமணி ஒரு போட்டி வைத்திருந்தார்.

'மாநில மகளிர் கல்லூரி ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப்!'

சிரிக்காதீர்கள். பனித் தரையில் வழுக்கிக்கொண்டே ஆடும் ஹாக்கி அது. கள்ளக்குறிச்சியில் பனி, மார்கழியில் விடியற்காலை புல் நுனியில் இருக்கும். ஏழு மணிக்கு அதுவும் போய்விடும்.

ஆனால் தாளாளரின் கணக்கு வேறு. சாதாரண ஹாக்கியில் சாம்பியன் ஆக முப்பது கல்லூரிகளை ஜெயிக்க வேண்டும். ஐஸ் ஹாக்கியில்? எதிரே நிற்க ஆளே கிடையாது! சாம்பியன் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் மகளுக்கு மெட்ராஸில் சீட்டு.

வெளியே ரோட்டில், எங்களுக்கும் ஒரு பங்கு கொடு என்று ஜனங்கள் வெயிலில் நேராக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒருவர், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அடுத்தவர் பங்குக்குக் கொல்லை வழி தேடிக்கொண்டிருந்தார்.

ஒரே சிக்கல். கள்ளக்குறிச்சியில் ஐஸ் ஹாக்கியா என்று திகைத்துப்போன மெட்ராஸ் விளையாட்டு ஆபீஸ்காரர்கள், நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு மேற்பார்வையாளரை அனுப்பிவிட்டார்கள். பெயர் இளஞ்செழியன். உளுந்தூர்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கியவருக்கு அதற்கு மேல் வழி இல்லை.

போட்டோவுக்காவது ஐஸ் வேண்டும். கையெழுத்துக்கு ஆள் வேண்டும். இரண்டும் மரங்களைத் தாண்டி வர வேண்டும்.

ஐஸ் மேல் ஆளைப் படுக்க வைத்து, மாலை போட்டு, பிணமாக்கிவிட்டார் தெய்வசிகாமணி!

பிணம் எடுக்கப் போகிறது என்று சொல்லி அனுப்பிய வேனில், பக்கத்தில் உட்கார்ந்து அழ ஒரு பெண்ணையும் ஏற்றிவிட்டார். வளர்மதி. கல்வராயன் மலைப் பெண். கல்லூரி ஹாக்கி அணியின் கோல்கீப்பர். மண் தரையில் ஆடும் நிஜ ஹாக்கி.

"நீ போய் அழுதுட்டு வா. சாம்பியன் லிஸ்ட்ல மொதப் பேரு உன்னுதுதான். உடற்பயிற்சி டீச்சர் படிப்புக்கு உனக்கும் சீட்டு!" என்று சொல்லியிருந்தார்.

வளர்மதியின் ஊரிலிருந்து இதுவரை யாரும் டீச்சர் ஆனதில்லை. நம்பினாள். போனாள்.

திரும்பி வந்தவளைத்தான் இப்போது விரலை நீட்டிக் காட்டினார்.

"இவதான் கொன்னுட்டா! புடிங்க இவள!"

*

இன்ஸ்பெக்டர் அறிவுச்செல்வன் சைக்கிளில் வந்தார். ஜீப் ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. பின்னாலேயே இன்னொரு சைக்கிளில் ஏட்டு வீரமுத்து, தொப்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு.

"டாக்டருக்குச் சொல்லி அனுப்பினீங்களா?"

"சங்கராபுரத்துல மாட்டிக்கினு இருக்காரு ஐயா. நடந்து வராராம். சாயந்திரம் ஆவும்."

இன்ஸ்பெக்டர் வேனில் ஏறினார். பிணத்தின் இரண்டு கட்டைவிரல்களும் மார்பின் மேல் சேர்த்துத் துணியால் கட்டப்பட்டிருந்தன. மஞ்சள் நனைத்த துணி. அந்த முடிச்சைக் கூர்ந்து பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்தார்.

பத்து விநாடி.

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கீழே இறங்கினார்.

"உன் பேர் இன்னாம்மா?"

"வளர்மதி சார். கரியாலூர் பக்கம்."

"இவருக்கு நீ இன்னா வேணும்?"

"பொண்ணு சார்."

"பொண்ணா?!"

"வேன்ல மட்டும் சார்."

வீரமுத்து இருமினார். சிரிப்பை அடக்கும் இருமல்.

"வழியில எத்தினி எடத்துல மறிச்சாங்க?"

"ஆறு எடத்துல சார். பொணம்னு தெரிஞ்சதும் தலையில கட்டியிருந்த துண்ட அவுத்துட்டாங்க. நாப்பது பேரு சேந்து புளியமரத்தத் தூக்கி ஓரமா வெச்சாங்க. அவங்க வெட்டுன மரத்த அவங்களே! ஒரு அம்மா என்னக் கட்டிப் புடிச்சிக்கினு, அழாத கண்ணு, நாங்க இருக்கோம்னு சொல்லிச்சி."

"நீ இன்னா பண்ண?"

"பொய்யாதான் அழுதுக்கினு இருந்தேன் சார். அந்தம்மா சொன்னதும் நெசமாவே வந்துடுச்சி."

"நாடகம் சார்! நாடகம்!" தெய்வசிகாமணி குறுக்கே பாய்ந்தார். "உனக்கு ஆட வராதுன்னு அவரு சொல்லியிருப்பாரு. இவளுக்குக் கோவம் வந்து, மூஞ்சிய சாக்காலயே அழுத்திட்டா. வேன்ல பின்னாடி வேற யாரு இருந்தது? மலையில மட்டையும் கையுமா வளந்தது சார்... இன்னா வேணா செய்யும்!"

வளர்மதி தலை குனிந்தாள். அந்தக் கடைசி வார்த்தைகள் அவளுக்குப் புதிதல்ல.

"ஏம்மா, வழியில இவரு எதுனா சாப்ட்டாரா?" கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல! ஒண்ணும் குடிக்கல!"

பதில் தெய்வசிகாமணியிடமிருந்து வந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க வேன்ல வரலயே?"

"அது... ஒரு யூகந்தான்."

"நான் 'சாப்ட்டாரா'ன்னு கேட்டேன். நீங்க 'குடிக்கல'ங்கறீங்க. யூகம் ரொம்பத் துல்லியமா இருக்குங்க!"

தாளாளர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சுற்றிலும் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அவரும்.

"சார்..." வளர்மதி தயங்கினாள். "அவர ஐஸ் மேலருந்து எறக்கிப் படுக்க வைக்கலாமா? குளுரும்."

கூட்டம் குபீரென்று சிரித்தது.

"பொணத்துக்குக் குளுருமாம்! அப்படியே ஒரு ஸ்வெட்டரும் வாங்கிக் குடு!" என்றார் தெய்வசிகாமணி.

"எறக்குங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

இறக்கினார்கள். வளர்மதி தன் பையிலிருந்து ஒரு கம்பளியை எடுத்து, கால் முதல் கழுத்து வரை இழுத்துப் போர்த்தினாள். யாரும் பாராட்டாத வேலை. செத்தவருக்குச் செய்கிற உதவிக்கு நன்றிகூட வராது. அதனால்தான் அது உதவி.

*

தெய்வசிகாமணி ஆபீஸ் அறைக்குள் போனார். கால் மணி நேரம் கழித்து ஒரு காகிதத்தோடு வந்தார். முகத்தில் இப்போது கொஞ்சம் தெம்பு.

"பாவம், நல்ல மனுஷன். சாவறதுக்கு முன்னாடி கடமைய முடிச்சிட்டுத்தான் போயிருக்காரு. பாருங்க, சாம்பியன் லிஸ்ட்ல கையெழுத்து! டிரைவர்தான் எடுத்தாந்து குடுத்தான்."

அய்யனார் திருதிருவென்று விழித்தான்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை வாங்கினார். பன்னிரண்டு பெயர்கள். கேப்டன்: சுபஸ்ரீ. கையெழுத்துக்குக் கீழே, 'பார்வையிட்ட நேரம்' என்ற இடத்தில், காலை 11.30.

"பதினொன்றரைக்கு வேன் எங்க இருந்துது அய்யனார்?"

"தியாகதுருகத்துலங்க ஐயா. பெரிய மரம். முக்கா மணி நேரம் ஆயிடுச்சி."

"இவரு கட்டைவெரலக் கட்டுனது யாரு?"

"நாந்தாங்க. உளுந்தூர்பேட்டையில, ஏறும்போதே. நெசம் மாதிரி இருக்கணும்னு மூணு முடிச்சி போட்டேன்."

"நடுவுல அவுத்தியா?"

"இல்லீங்க. அந்த முடிச்சே இன்னும் இருக்குது பாருங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"ரெண்டு கட்டைவெரலையும் கட்டிப் போட்ட மனுஷன் எப்படிங்க கையெழுத்துப் போட்டாரு? கால்லயா? காலையும்தான் கட்டியிருக்கு!"

ஐஸ் தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும்.

"இன்னொண்ணு. இதுல வளர்மதி பேரே இல்ல. கொலகாரின்னு எடுத்துட்டீங்களா?"

"ஆ... ஆமா! அதான்!"

"டைப் அடிச்ச தேதி மேல இருக்குங்க. மூணு நாளைக்கு முன்ன! கொலைக்கு முன்னாடியே இவ கொலகாரின்னு உங்களுக்குத் தெரியுமா?"

வளர்மதி காகிதத்தை எட்டிப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை. கீழிருந்து மேலே ஒருமுறை. இவ்வளவு தூரம் அழுதுகொண்டு வந்தவளுக்கு, அழ வேண்டிய நேரத்தில் கண்ணீர் வரவில்லை.

அப்போது சுபஸ்ரீ முன்னால் வந்தாள்.

"வேணாம்பா! எனக்கு ஹாக்கி மட்டைய எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது. அவ பேர எடுத்துட்டு என் பேர ஏம்பா போட்ட? இன்ஸ்பெக்டர் சார்... காலையில ஃபிளாஸ்குல காபி ஊத்தி வளர்மதிகிட்டக் குடுத்தனுப்பினது அப்பாதான். அதுல என்னவோ கலக்குனாரு. சர்க்கரைன்னாரு. எங்க வூட்டுல சர்க்கரைய பொடிச்சிப் போட்டு நான் பாத்ததில்ல!"

தெய்வசிகாமணி கையெடுத்துக் கும்பிட்டார்.

"தூக்க மாத்திரதான் சார்! சாவட்டும்னு போடல! போட்டி நடக்கும்போது தூங்கிட்டாருன்னா, முடிஞ்சிடுச்சின்னு சொல்லிக் கையெழுத்து வாங்கிடலாம்னு... நாலே நாலு சார்! செத்துப்போவாருன்னு சத்தியமா தெரியாது!"

"அதனால, பழிய அந்தப் பொண்ணு தலையில போட்டீங்க."

"போட்டேன்... போட்டுட்டேன்..."

வீரமுத்து விலங்கை எடுத்தார். க்ளிக்!

"சார்," என்றாள் வளர்மதி. "அந்தக் காபிய அவரு குடிக்கல."

"என்னது?!"

அலறியது தெய்வசிகாமணி.

"தியாகதுருகத்துல மரத்தத் தூக்க வந்த ஒரு பெரியவருக்கு மேல்மூச்சு வாங்கிச்சி சார். பாவமா இருந்துது. இவருக்குன்னு குடுத்த காபிய அவருக்கு ஊத்திக் குடுத்துட்டேன். குடிச்சிட்டு மரத்து மேலயே உக்காந்தவரு கொறட்ட வுட ஆரம்பிச்சிட்டாரு. எழுப்பிப் பாத்தாங்க, எழல. மரத்தோட சேத்து அவரையும் தூக்கித்தான் ஓரமா வெச்சாங்க!"

"ஐயா, அவருக்கு ஒண்ணுமில்லீங்க," என்றான் அய்யனார். "நாங்க கெளம்பும்போதே மூஞ்சியில தண்ணி அடிச்சி எழுப்பிட்டாங்க. எழுந்து கோஷம் போட்டாரு."

"அப்படின்னா..." தெய்வசிகாமணி விலங்கு மாட்டிய கையால் பிணத்தைக் காட்டினார். "அப்படின்னா இந்த ஆளு எப்படிச் செத்தான்?"

"யாருய்யா செத்தது?"

குரல் கம்பளிக்குள்ளிருந்து வந்தது!

பிணம் எழுந்து உட்கார்ந்தது. மூக்குப் பஞ்சை ஊதித் தள்ளியது. நெற்றிக் காசு உருண்டது.

"த்தூ... த்தூ!"

வாயிலிருந்து ஒரு கை அரிசி.

"ஆறு ஊரு ஜனங்க வாய்க்கரிசி போட்டிருக்காங்க. முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு! நல்லவங்கய்யா. ஆனா கொஞ்சம் வேக வெச்சிப் போட்டிருக்கலாம்!"

மயங்கி எழுந்திருந்த நாலு மாணவிகளும் மறுபடி விழுந்தார்கள். தெய்வசிகாமணி ஐந்தாவது.

"பெரியவர் கொறட்ட வுட்டதுமே எனக்குப் புரிஞ்சிபோச்சு," என்றார் இளஞ்செழியன், விரல் கட்டை அவிழ்க்க வீரமுத்துவிடம் கையை நீட்டியபடி. "காபி எனக்கு வந்தது. ஏன், எதுக்குன்னு தெரியணும். எழுந்து கேட்டா சொல்ல மாட்டாங்க. செத்துப் பாத்தேன்... எல்லாத்தையும் சொல்லிட்டாங்க! இந்தப் பொண்ணுகிட்ட வாயத் தெறக்காதன்னு சொல்லியிருந்தேன். கொலப்பழி விழும்னு நானே எதிர்பாக்கல. அப்பவும் தெறக்கல."

"நான் நாடி பிடிச்சப்ப என் வெரலக் கிள்ளினீங்களே," என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர். "செத்தவரு கிள்ளறது என் சர்வீஸ்ல இதான் மொத தடவ!"

இளஞ்செழியன் அந்தப் போலிக் காகிதத்தைக் கிழித்தார். நாலாக, எட்டாக.

வளர்மதியின் முகம் வாடியது. அவள் பெயர் அதில் இல்லைதான். ஆனால் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அந்தக் காகிதம்தான்.

"இங்க பாரும்மா. பொய்ப் போட்டின்னு தெரிஞ்சேதான நீயும் வந்த?"

"ஆமா சார். தப்புதான்."

"ஐஸ் ஹாக்கிக்கு உனக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த வருஷம் உங்க காலேஜு நெச ஹாக்கிக்குப் பேரே அனுப்பல. அடுத்த மாசம் மெட்ராஸ்ல செலக்‌ஷன். பேரு நான் எழுதித் தரேன், தனியா வா. கோல் முன்னாடி நில்லு. பந்தத் தடுத்தா சீட்டு. வுட்டுட்டா பஸ் ஏறி மலைக்குப் போயிடு. சம்மதமா?"

"தடுத்துடுவேன் சார்."

சொன்ன வேகத்திலேயே இப்போது கண்ணீர் வந்தது. கம்பளியின் ஓரத்தில் துடைத்துக்கொண்டாள். மறு ஓரம் இன்னும் மேற்பார்வையாளரின் தோளில் இருந்தது.

சுபஸ்ரீ வேனில் ஏறி ஐஸை உடைக்க ஆரம்பித்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்த ஐஸ் தண்ணீர், ரோட்டில் வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வாளி வாளியாகப் போயிற்று. உருகிய பிறகுதான் அந்த ஐஸுக்கு ஒரு உருப்படியான வேலை கிடைத்தது.

வீரமுத்து தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். கையில் எழுதி முடித்த எஃப்.ஐ.ஆர்.

"இன்னாய்யா?"

"கொலைக் கேஸுன்னு எழுதிட்டேன் ஐயா. அடிச்சி எழுதினா கோர்ட்டுல திட்டுவாங்க."

"அதுக்கு?"

வீரமுத்து மேற்பார்வையாளர் பக்கம் பேனாவைப் பணிவாக நீட்டினார்.

"செத்தவரு எங்களுக்காக ஒரு சின்ன ஒத்தாசை பண்ணணும்... 'நான் சாகவில்லை'ன்னு இங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க சார்!"