காக்கைக் காப்பு

“அந்த விளக்கை இழுக்காதீங்க சார்... நான் எண்ணிக்கிட்டிருக்கேன்!”

கோரின் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். இழுத்த கை நிற்கவில்லை. நூற்றுப் பதினெட்டா, நூற்றுப் பத்தொன்பதா... எண்ணி வைத்திருந்த பாவு நூல் அத்தனையும் போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கோபமாக நிமிர்ந்தவள் ஒரு நொடி கோபத்தை மறந்தாள்.

மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவன் நின்றிருந்தான். கண்கள்... ஓடைத் தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் தெரியுமே, அந்தப் பழுப்பு. சிரிப்பும் அந்தக் கண்ணுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

“மேசை ரெண்டு பேருக்கு. விளக்கும் ரெண்டு பேருக்குத்தான்,” என்றான். “உங்க போர்வை எங்கேயும் ஓடிடாது. நூறு வருஷமா இங்கதான கிடக்கு!”

“உங்க கத்தி மட்டும் ஓடிடுமா?”

அவள் முன்னால் விரித்திருந்தது மலையாட்டு மயிரும் தேவதாருப் பட்டையும் முறுக்கி நெய்த, விழாவில் ஆடும்போது தோளில் போர்த்தும் போர்வை. அவன் முன்னால் செம்பு பொதிந்த பழைய குத்துவாள். வடகோடிக் கடலோர ஊரான ஜூனோவின் அருங்காட்சியகச் சேமிப்பு அறை அது. அவள் நெசவுக்காரி. அவன் எமெட், சிட்கா ஊரில் வெள்ளி செதுக்குகிறவன். பழைய வேலையைப் பார்த்துப் படிக்க இருவருக்கும் மூன்று நாள் அனுமதி, அதே மூன்று நாள், அதே மேசை.

“சண்டையை அப்புறம் வச்சுக்குங்க,” என்று பொறுப்பாளர் இங்ரிட் ஒரு தட்டை நீட்டினார். “முதல்ல நகையைக் கழட்டுங்க தம்பி. உலோகம் எதுவும் பொருள் மேல உரசக் கூடாது.”

தட்டில் கோரினின் தவளைத் தோடு ஏற்கெனவே கிடந்தது. எமெட் மணிக்கட்டிலிருந்து அகலமான வெள்ளிக் காப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான். காப்பில் அலகு நீண்ட அண்டங்காக்கை செதுக்கியிருந்தது.

கோரினுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவர்கள் பழங்குடியில் இரண்டே பக்கம்... காக்கை, கழுகு. பிறந்த குழந்தைக்கு அம்மாவின் பக்கம். ஒரே பக்கம் என்றால் எத்தனை ஊர் தள்ளி இருந்தாலும் உடன்பிறப்புதான், அதற்கு மேல் பேச்சே இல்லை. தவளை, காக்கைப் பக்கத்துச் சின்னம். கோரின் காக்கை. இவனும் காக்கை! வழக்கமாக முதல் பேச்சே ‘யார் வீட்டுப் பிள்ளை, அப்பா எந்த வீடு’ என்றுதான் தொடங்கும். இவர்கள் சண்டையில் தொடங்கியதால் அந்த விசாரிப்பு விட்டுப்போயிற்று.

‘சரி, மனசே, அடங்கு,’ என்று சொல்லிக்கொண்டு விளக்கை அவன் பக்கம் தள்ளினாள்.

“எடுத்துக்குங்க அண்ணே.”

எமெட்டின் கண்ணில் இருந்த சிரிப்பு சட்டென்று அணைந்தது.

மத்தியானம் வெளியே மழை கொட்டியது. உணவறையில் அவன் புகைபோட்ட சால்மன் மீனைப் பிட்டு அவள் பக்கம் நகர்த்தினான்.

“எங்கம்மா போட்ட புகை. சாப்பிட்டுட்டுச் சொல்லு.”

“உப்பு கம்மி அண்ணே.”

“கம்மின்னு சொல்லிட்டு நாலு துண்டு உள்ள போயிருச்சே!”

“குறை சொல்றதுக்கு முன்னாடி நல்லா ருசி பார்க்கணும்ல அண்ணே...”

அவன் சிரிப்பான். ஒவ்வொரு ‘அண்ணே’வுக்கும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் சுருங்கும். அவளுக்குப் புரியவில்லை. தனக்குத்தானே கடிவாளம் போடுவதில் மும்முரமாக இருந்தவளுக்கு அடுத்தவன் முகம் எங்கே தெரியும்? அவன் குனிந்து உளியின் தடத்தை விரலால் காற்றில் வரைந்து பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நூல் கணக்கு தப்பியது. தப்பினபோதெல்லாம் ஒரு ‘அண்ணே’ போட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் காப்பை மாட்டிக்கொண்டே, “அப்போ நான் கிளம்பறேன்,” என்றான்.

“நூறு வருஷமா இங்க இருக்கிற எங்க வீட்டுத் தொப்பியை நாளைக்குத் திருப்பித் தர்றாங்க. இருந்து பார்த்துட்டுப் போங்களேன் அண்ணே.”

“எதுக்கு? நீதான் தெளிவாச் சொல்லிட்டியே,” என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான். என்ன சொன்னோம் என்று அவளுக்கு இரவெல்லாம் பிடிபடவில்லை.

மறுநாள் காலை கூடத்தில் தவளைத் தொப்பி காத்திருந்தது. மரத்தில் குடைந்து, செம்புக் கண் வைத்து, உச்சியில் வேரால் பின்னிய வளையங்கள் அடுக்கிய தொப்பி. கோரினின் தாய்மாமா ரஸ்ஸல் அதை அணிந்து வெளியே வர வேண்டும். ஆனால் தன் பக்கத்தின் பொருளைத் தானே தலையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. எதிர்ப்பக்கத்துக் கைதான் வைக்க வேண்டும். அதற்கு வர வேண்டியவர்கள் கோரினின் அப்பாவும் மாமியும். அவர்கள் ஏறிய சிறு விமானம் மூடுபனியில் ஊரைவிட்டுக் கிளம்பவேயில்லை. கூடத்திலோ அத்தனை பேரும் காக்கை. தொப்பியோடு ஊர் திரும்ப ஒரு மணிக்குப் படகு.

ரஸ்ஸல் மாமா குரலை உயர்த்தினார். “கழுகுப் பக்கத்து ஆள் ஒருத்தர் கூடவா இல்ல?”

வாசலோரத்திலிருந்து ஈரக் கோட்டோடு ஒருவன் முன்னால் வந்தான். எமெட்! போகிறேன் என்று போனவன்...

கோரின் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். “அண்ணே, உங்களுக்கு என்ன பைத்தியமா? நம்ம பக்கத்து ஆள் தொடக் கூடாது!”

“நம்ம பக்கமா?” அவன் விழித்தான். “நான் கழுகு. எங்கம்மா கழுகு.”

“அப்போ... அந்தக் காப்பு?”

“எங்கப்பா காக்கை. அத்தைங்க ஆசையா எனக்குப் போட்டு விட்டது.”

அவள் கை அவன் கையில் அப்படியே நின்றுவிட்டது.

“என் தோட்டைப் பார்த்தே நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“முதல் நாளே தெரியும். கட்டிக்கிற முறையுள்ள பொண்ணு வாய்க்கு வாய் அண்ணேன்னா என்ன அர்த்தம்? ‘கிட்ட வராதே’ன்னு தானே!”

“தம்பி,” என்றார் ரஸ்ஸல் மாமா, “படகு காத்திருக்காது.”

எமெட் இரண்டு கையாலும் தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தான். நூறு வருடமாகப் பெட்டிக்குள் இருந்த தவளை வெளிச்சத்துக்கு வந்தது. கூடத்தில் பாதிப் பேர் அழுதார்கள். மாமா அவன் தோளைத் தட்டி, “ஊர்ல தொப்பிக்கு விருந்து, நீயும் எங்க கூட வந்துடு. உனக்கு முதல் இடம்,” என்றார்.

வாசலில் மழை விட்டபாடில்லை. கோரின் அவன் முன்னால் போய் நின்றாள்.

“ஏன் திரும்பி வந்தீங்க?”

“கடைசியா ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு... தொப்பியை இல்ல.” அவன் தரையைப் பார்த்தான். “முப்பத்தொரு தடவை அண்ணேன்னு சொன்ன. எண்ணினேன். அப்பவும் மனசு கேட்கல. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு கோரின்.”

அவளுக்குக் கண் நிறைந்தது. சிரிப்பும் வந்தது.

“எனக்கு முதல் நாளே பிடிச்சுப் போச்சு. அடக்க முடியாதப்போ எல்லாம் ஒரு தடவை அண்ணேன்னு சொல்லிக்கிட்டேன்...”

எமெட் மெல்ல நிமிர்ந்தான். “அப்போ... முப்பத்தொரு தடவையுமா?”

“முப்பத்தொரு தடவையும்தான்,” என்றாள். “வா எமெட், படகுக்கு நேரமாச்சு.”